மார்ச் மாதத்து வேலி

"அம்மா, அதான் வேலி இருக்கே, அப்புறம் எதுக்கு ஒவ்வொரு மரத்தையும் சுத்தி முள்ளு?"

ஆறு வயது எஃபி சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒரு படத்தின் மேல் மூக்கு படும்படி குனிந்து கேட்டாள். அவள் தாய் எல்ஸ்பெத் கையிலிருந்த கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பதுபோலப் பாவனை செய்தாள்.

கம்பளி மூட்டை ஏற்ற வந்த மாட்டு வண்டி அன்று மதியம் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து அவள் அக்கா அனுப்பியது. ஜூலையில் அம்மா இறந்துவிட்டாள் என்பதை நவம்பரில்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. கடிதத்தோடு, நான்கு வருஷங்களில் எல்ஸ்பெத் தன் கையால் வரைந்து அம்மாவுக்கு அனுப்பிய பதினொரு பென்சில் படங்களும் திரும்பி வந்திருந்தன. "இவை அம்மாவின் தலைமாட்டிலேயே இருந்தன. உன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள்" என்று அக்கா எழுதியிருந்தாள்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை, ஓடையின் மேல் போட்ட பலகை, சமையலறைப் புகைபோக்கி, எல்லாவற்றுக்கும் பின்னால் பனிமலை. பதினொன்றாவது படம்தான் எஃபியின் கையில் இருந்தது. வீடு. வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவே தோட்டம். நான்கு வரிசையில் முப்பத்திரண்டு ஆப்பிள் கன்றுகள். அவற்றைச் சுற்றி ஒழுங்கான மரவேலி, ஒரு சின்ன கேட், அதன் மேல் படர்ந்த ரோஜா. கீழே அவள் கையெழுத்து: "எங்கள் வீடும் தோட்டமும். மார்ச் 20, 1866."

வேலியும் பொய், ரோஜாவும் பொய்.

நியூஸிலாந்தின் இந்த மலையடிவாரத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் 'ஊர்' என்றால் எல்லோருக்கும் கடல் தாண்டிய அந்த ஊர்தான். ஊருக்கு அனுப்பும் படத்தில் யாரும் உள்ளதை உள்ளபடி வரைவதில்லை. மண்சுவருக்கு வெள்ளையடித்து வரைவார்கள். கித்தான் கூரையை ஓட்டுக்கூரையாக்கி வரைவார்கள். மூன்று மாதக் கடல் தூரத்தில் இருக்கும் தாய்க்கு, மகள் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று காட்டுவதில் என்ன கெட்டுப்போகிறது? எல்ஸ்பெத்தும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மரங்களை வரைந்தபோது, கண் முன்னால் இருந்ததால், ஒவ்வொன்றின் அடியிலும் வட்டமாக வைத்திருந்த முள்ளையும் கை தானாக வரைந்துவிட்டது. ஆடு கடிக்காமலிருக்க வைத்த முள். வேலி இருந்தால் அது தேவையே இல்லை. இத்தனை மாதமாக அது அவள் கண்ணில் படவில்லை. குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கணவன் நினியன் கெர் உள்ளே வந்தான். அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்ல மனுஷி. எனக்கு வருத்தம்தான்" என்று மனைவியின் தோளில் கை வைத்தான். பிறகு எஃபியின் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அவன் முகம் மாறியதை எல்ஸ்பெத் பார்த்தாள்.

"தேதி போட்டிருக்கியே."

"எப்பவும் போடறதுதான்."

"மார்ச் இருபது. உன் கையெழுத்து." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறு மாதமாக அவனிடம் காணாத சிரிப்பு வந்தது. "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது. கடைசியில பாரு, என்னைக் காப்பாத்தறது அவங்கதான்."

"எஃபி, போய்க் கோழிக்குத் தீனி போடு" என்றாள் எல்ஸ்பெத்.

எஃபி தீனிக் கிண்ணத்தோடு வெளியே ஓடினாள்.

விஷயம் இதுதான். பண்ணை நிலம் பண்ணைக்காரனுடையது அல்ல. அரசிடமிருந்து மேய்ச்சல் உரிமை மட்டும் வாங்கியிருக்கிறான். அந்த மேய்ச்சல் நிலத்தில் எந்தத் துண்டை வேண்டுமானாலும் எவனும் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். குடியிருக்கும் வீட்டின் மேலும், வேலி போட்ட தோட்டத்தின் மேலும் மட்டும் பண்ணைக்காரனுக்கே முதல் உரிமை. அந்த வேலியும் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் ஜேபஸ் ட்ரெவின் என்பவன் வீட்டு முன்னால் ஓடைக்கரையில் இருக்கும் நிலத்தை, தோட்டத்தையும் சேர்த்துத்தான், கேட்டு விண்ணப்பம் போட்டான். அவன் நினியனிடம் ஐந்து வருஷம் ஆடு மேய்த்து, மார்ச் கடைசியில் விலகிப் போனவன். நில அலுவலகத்திலிருந்து தகவல் கடிதம் மே மாதம் வந்தது. நினியன், இந்த நாட்டில் நடுக்குளிர்காலமான ஜூனில், உறைந்த மண்ணை உடைத்து வேலி போட்டான். குளிர்காலம் பூராவும் பாதை மூடிக் கிடந்ததால் நில அதிகாரி இப்போதுதான் விசாரணைக்கு வரப்போகிறார். வருகிற வியாழக்கிழமை.

"அன்னைக்கு வேலி இல்லை, நினியன்."

"கம்பு இருந்துச்சே. நானே வெட்டி ஓடைக்கரையில அடுக்கியிருந்தேன். நடறதுதான் பாக்கி."

"நட்டது ஜூன்ல."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"ஜேபஸுக்கும் தெரியும்."

"அவன் பேச்சுக்கு என்ன சாட்சி இருக்கு? அஞ்சு வருஷம் என் ஆட்டுக்கறியைத் தின்னவன். போகும்போது கைகுடுத்துட்டுப் போனான். அதே கையால அடுத்த மாசம் என் வாசல்ல நிலம் கேக்கறான்." நினியன் படத்தை மேசையில் மெதுவாக வைத்தான். "நான் பதில் கடுதாசில மார்ச்சுலயே வேலி போட்டாச்சுன்னு எழுதிட்டேன்."

எல்ஸ்பெத் அவனையே பார்த்தாள். "எழுதிட்டீங்களா?"

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. படத்தை மேசையில வைக்கப்போறேன். நீ வரைஞ்சியான்னு கேப்பார். ஆமான்னு சொல்லு. அது நிஜம்தானே? அதுக்கு மேல ஒண்ணும் பேச வேணாம்."

அவன் எழுந்து ஜன்னலருகே போனான். தோட்டத்தின் கோடி மூலையில், கடைசி மரத்தடியில், ஆற்று வெள்ளைக்கற்களால் வரம்பு கட்டிய ஒரு சின்ன இடம் தெரிந்தது. ஜனவரியில் பிறந்து மூன்றே நாள் உயிரோடிருந்த மகன் ஆலன் அங்கே இருந்தான்.

"அவன் விவசாயி. உழுவான்" என்றான் நினியன், திரும்பாமலே. "ஆலன் மேல உருளைக்கிழங்கு போடுவான். அதையும் யோசிச்சுக்கோ."

அவள் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

அந்த ஜனவரியை அவளால் மறக்க முடியாது. பிள்ளையைப் புதைத்த மறுநாளே காய்ச்சலில் விழுந்தாள். மலையிலிருந்து வடமேற்குக் காற்று அடுப்பு அனல்போல் பத்தொன்பது நாள் அடித்தது. படுக்கையிலிருந்து தோட்டம் தெரியாது. மரங்கள் போயிருக்கும், பிள்ளையைப் போலவே அவையும் போயிருக்கும் என்று சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பிப்ரவரியில் கம்பு ஊன்றி வெளியே வந்தபோது முப்பத்திரண்டும் பச்சையாக நின்றன. வேர்மண் ஈரத்தில் கறுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் முள்வட்டம். நினியன் பிள்ளையின் குழி அருகே நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். இந்தத் தண்ணீர்தான் அவன் பேசிய வார்த்தை என்று அவள் எடுத்துக்கொண்டாள். இதற்காகவே அவனை மன்னித்தாள். கேட்டால் அவன் கூச்சப்படுவான் என்று கேட்காமலே விட்டாள்.

வியாழன் காலை சமையல்காரி டார்க்கஸ் அதிகாரிக்காக ஆட்டுக்கறியை உள்ளே வைத்து மூடிச் சுடுவதற்கான மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். விதவை. எதையும் உரக்கச் சொல்லியே பழக்கப்பட்டவள்.

"டார்க்கஸ், மரத்தடியில வெச்ச முள்ளை முதலாளி எங்கேயிருந்து வெட்டிட்டு வந்தார்?"

"முதலாளியா?" டார்க்கஸ் சிரித்தாள். "அவர் குழந்தையைப் புதைச்ச கையோட மேல்மலைக்குப் போயிட்டாரே, ஜனவரி முடியறவரை ஆட்டைத் தேடிட்டிருந்தார். காய்ச்சல்ல உங்களுக்கு அது தெரியலை. வீட்ல இருந்திருந்தாலும் அவருக்கு மரம்னா கம்பு வெட்டறதுக்குத்தான்."

எல்ஸ்பெத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "அப்ப யாரு?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"டார்க்கஸ்."

"நான் சொல்லலைம்மா. நீங்களா கண்டுபிடிச்சா அதுக்கு நான் பொறுப்பில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசையில அப்ப இருந்தது ஒரே ஒரு ஆள்." அவள் மாவைத் திருப்பிப் போட்டாள். "தினம் விடியறப்ப வருவான். தோள்ல ஒரு கட்டை, ரெண்டு பக்கமும் வாளி. கதவைக்கூடத் தட்டமாட்டான். ஒருநாள் நானே கூப்பிட்டு டீ குடுத்தேன். 'அம்மா எழுந்து வர்றப்ப மரம் பட்டுப்போயிருந்தா தாங்கமாட்டாங்க'ன்னான். 'நான்னு சொல்லிடாதீங்க, கடன்பட்டுட்டோம்னு நினைப்பாங்க'ன்னான். டீயில மூணு கரண்டி சர்க்கரை போட்டுக்கிட்டான், அதையும் சொல்லிடறேன்."

எல்ஸ்பெத் வெளியே வந்து கிணற்றடியில் நின்றாள். முதலில் வந்தது நன்றி அல்ல, சந்தேகம். ஜேபஸ் அப்போதே இந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்தானோ? தனக்கு வரப்போகிற மரம் என்றுதான் தண்ணீர் ஊற்றினானோ? கடவுளே, எனக்கு நேராகப் பார்க்கும் கண்ணைக் கொடு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அதற்குள் நாய்கள் குரைத்தன. அதிகாரியின் குதிரை ஓடையைக் கடந்துகொண்டிருந்தது.

அதிகாரி ஆர்மரட் இருமல்காரர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர். சாப்பாட்டு மேசையிலேயே காகிதங்களைப் பரப்பினார். ஜேபஸ் பதினோரு மைல் நடந்து வந்திருந்தான். சட்டை வெளுத்திருந்தது, முழங்கால்வரை தூசி. தொப்பியைக் கையில் பிடித்தபடி, உட்காரச் சொல்லும்வரை நின்றான். எல்ஸ்பெத் கதவோரம் நாற்காலியில் இருந்தாள்.

"ட்ரெவின், உனக்குக் குடும்பம் இருக்கா?"

"இருக்குங்க ஐயா. சம்சாரம், ரெண்டு பொண்ணு. ஊர்ல, கார்ன்வால்ல. ஆறு வருஷமாச்சு பாத்து." அவன் திருத்திக்கொண்டான். "இப்ப ஊர்ல இல்லைங்க. அக்டோபர்ல கப்பல் ஏறறதாக் கடுதாசி வந்துச்சு. விண்ணப்பம் போட்டதுமே வரச்சொல்லி எழுதிட்டேன்."

"அவசரப்பட்டுட்டே."

"ஆமாங்க ஐயா."

"மிஸ்டர் கெர் மார்ச்சிலேயே வேலி போட்டதா எழுதியிருக்கார்."

"இல்லைங்க. நான் மார்ச் கடைசியில போறப்ப கம்பு கரையில கிடந்துச்சு. வேலி இல்லை."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே? உன் குடிசை அந்தப் பக்கம். அங்கேயிருந்து பாத்தா கரை மேடு மறைக்கும். நான் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"அந்த வழியா நடந்திருக்கேன்."

"எத்தனை தடவை?"

"தினமும்தாங்க. ரொம்ப நாள்."

"ஆடு மேய்க்கறவனுக்கு முதலாளி வீட்டுத் தோட்டத்துக்குள்ள தினமும் என்ன வேலை?"

ஜேபஸ் தொப்பியின் விளிம்பை ஒருமுறை சுற்றினான். "அது சொல்றதுக்கில்லைங்க."

"முட்டை குறையுதுன்னு அப்பவே நினைச்சேன்" என்றான் நினியன்.

ஜேபஸின் கழுத்து சிவந்தது. சமையலறைப் பக்கம் ஒரு தட்டு வேண்டுமென்றே போட்டதுபோல் விழுந்தது.

"இங்கே பாருப்பா" என்றார் ஆர்மரட். "காரணம் சொல்லலைன்னா உன் பேச்சை நான் எடுத்துக்க முடியாது. இன்னொரு தடவை கேக்கறேன். எதுக்குப் போனே?"

ஒரு கணம் அவன் கண் எல்ஸ்பெத் பக்கம் வந்தது. உடனே கீழே இறங்கியது. "எடுத்துக்க வேணாம் ஐயா. விட்டுடுங்க."

கடலில் வந்துகொண்டிருக்கும் மூன்று பேருக்கு நிற்க இடமில்லை என்று அவனே சொல்லிவிட்டதுபோல் இருந்தது அது. எல்ஸ்பெத்தின் சந்தேகம் அங்கேயே செத்தது. நிலத்துக்காகத் தண்ணீர் ஊற்றியவன் இப்போது அதைச் சொல்லியிருப்பான். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வராது.

நினியன் படத்தை மேசையில் வைத்தான்.

ஆர்மரட் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு. நீங்க வரைஞ்சதாம்மா?"

"ஆமா."

"தேதியும் நீங்களே போட்டது?"

"ஆமா."

"ஊருக்கு அனுப்பி, திரும்பி வந்தது. உறையில முத்திரையும் இருக்கு." அவர் பேனாவை மையில் தோய்த்தார். "சரி, அப்ப இதுல சந்தேகத்துக்கு இடமில்லை."

நினியன் மூச்சை விட்டான். எல்ஸ்பெத் ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளைக்கற்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. ஆலன், பொறுத்துக்கோ என்று உதடு அசையாமல் சொன்னாள்.

"ஐயா, மரத்தடியில என்ன இருக்குன்னு பாருங்க."

பேனா நின்றது. "ஏதோ வட்டம் வட்டமா இருக்கு."

"முள்ளு. வேலி இருந்தா முள்ளு எதுக்குன்னு என் பொண்ணு கேட்டா. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லலை." அவள் எழுந்து நின்றாள். "எங்கம்மா கவலைப்படக் கூடாதேன்னு அந்த வேலியை நான் போட்டேன். பென்சில்ல. அந்த மாசத்துல வேலியே இல்லை. முள்ளு நிஜம். அதை வெச்சவர் இவர்தான். நான் படுத்திருந்தப்ப தினமும் தண்ணி ஊத்தினவரும் இவர்தான். அதனாலதான் சொல்லமாட்டேங்கறார்."

நினியன் மனைவியைப் பார்த்தான், பிறகு ஜேபஸைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

ஆர்மரட் இருமி முடித்தார். விண்ணப்பத்தில் ஏதோ எழுதி, கையெழுத்திட்டு, மை உலர மணல் தூவினார். நிலம் ஜேபஸுக்கு. பிறகு நினியனின் கடிதத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மடித்து அவனிடமே நீட்டினார். "இதுல மாசம் சரியாத் தெரியலை, மிஸ்டர் கெர். மை பரவியிருக்கு. நான் இதைச் சேர்க்கலை. கிழிச்சுப் போட்டுடுங்க." மையொன்றும் பரவியிருக்கவில்லை. பொய்க் கடிதம் எழுதியவனுக்கு நகரத்துக் கோர்ட்டில் என்ன நடக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். "கறி வாசனை வருதே" என்றார் அவர்.

நினியன் ஒன்பது நாள் மனைவியோடு பேசவில்லை. வேலிக் கம்புகள் என்னுடையவை, பிடுங்கப்போகிறேன் என்று டார்க்கஸிடம் சொன்னான். கோடாலியோடு ஒருநாள் போகவும் போனான். கோடி மூலைவரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். கோடாலி மறுநாள்வரை அங்கேயே கிடந்தது. அடுத்த ஞாயிறு ஜெப நேரத்தில், எப்போதும் தானே படிக்கும் வேதப்புத்தகத்தை எல்ஸ்பெத் பக்கம் நகர்த்தினான்.

"நீ படி. எனக்கு இன்னைக்கு வாய் வரலை."

ஜேபஸ் வந்து ஓடைக்கரையில் மண்குடிசை எழுப்ப ஆரம்பித்தான். நிலத்தின் மேல்பாதியை உழுதான். ஆலன் இருக்கும் மூலைக்கு இருபது அடி முன்னாலேயே கலப்பையைத் திருப்பினான். ஒருநாள் வீட்டுப் பக்கத்து வேலியை அறுத்து, அந்த மூலைக்கு நேராக ஒரு சின்ன கேட் மாட்டினான்.

"கார்ன்வால்காரன் அரைகுறை ஆளும்மா" என்றாள் டார்க்கஸ். "கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்க மறந்துட்டான்."

எஃபி அந்த கேட்டைத் திறந்து மூடி ஒரு மத்தியானம் பூராவும் விளையாடினாள். எல்ஸ்பெத் அவளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, படத்தில் வேலி எப்படி வந்தது, முள் எப்படி வந்தது என்று சொன்னாள். "அப்ப பாட்டி பாத்தது பொய்யா?" என்று எஃபி கேட்டாள். "வேலி மட்டும்" என்றாள் எல்ஸ்பெத்.

ஜனவரி முதல் வாரம் ஜேபஸ் கப்பலை எதிர்கொள்ளத் துறைமுகத்துக்குப் போனான். ஆறு நாளில் வருவேன் என்று போனவன். கப்பல் வரவில்லை. வடமேற்குக் காற்று வந்தது. நாலாம் நாளே இலைகள் விளிம்பில் சுருண்டன. நினியன் மேல்மலையில் இருந்தான். டார்க்கஸ் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

எல்ஸ்பெத் விடியும்போது எழுந்தாள். எஃபி தூங்கிக்கொண்டிருந்தாள். கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய தோள்கட்டையை எடுத்து, இரண்டு வாளியையும் மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத கேட்டைத் தள்ளிப் போனாள். ஓடை சுருங்கி, கல்லுக்குக் கல் தாவி ஓடிக்கொண்டிருந்தது. மரத்துக்கு அரை வாளி. ஒரு நடைக்கு நாலு மரம். எட்டு நடை. முதல் நாள் தோள் தோல் உரிந்தது. இரண்டாம் நாள் பழைய கம்பளித் துணியை மடித்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஈர மண்ணில் தன் காலடி பதிந்திருப்பதைப் பார்த்து, அன்றுமுதல் போகும்போதே அதைப் பாதத்தால் தேய்த்து அழித்துவிட்டுப் போனாள்.

பதினான்காம் நாள் காலை, கடைசி அரை வாளி கையில் இருக்கும்போது, கணவாய்ப் பாதையில் தூசி எழுவது தெரிந்தது. வண்டி ஒன்று. இன்னும் ஒரு மணி தூரம் இருக்கும். அதில் யார் யார் என்று அவள் நின்று பார்க்கவில்லை. வெள்ளைக்கற்களுக்குப் பக்கத்திலிருந்த கடைசி மரத்தடியில் தண்ணீரை மெதுவாக, சிந்தாமல் ஊற்றினாள். முள்வட்டத்தில் விலகியிருந்த ஒரு குச்சியைச் சரியாக வைத்தாள். கேட்டைச் சாத்தினாள். தோள்கட்டையை அதே ஆணியில் மாட்டி, வாளிகளை ஈரம் தெரியாமல் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.